உங்களுக்குத் தெரியுமா? சின்ன அணியும் எதிர்க்காற்றும்

ஏழெட்டுப் பேர். வாரம் முழுக்க ஆபீஸ், கடை, கல்லூரி என்று ஓடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஒரே நிற ஜெர்சியை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவருடைய காரின் தலையில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு பந்தயத்துக்குப் புறப்படுவார்கள். சம்பளம் கிடையாது. பரிசுப் பணம் கிடைத்தாலும் பெட்ரோலுக்குக் காணாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் பந்தயம் என்ற விளையாட்டின் வேர் இப்படிப்பட்ட அமெச்சூர் அணிகளில்தான் இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த முறை இவர்களைப் பார்ப்போம்.

காற்றுக்குக் கட்டும் வரி

சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் தனியாகப் போகிறவர் மிதிக்கும் மிதியில் 80 சதவீதத்துக்கு மேல் காற்றைத் தள்ளவே செலவாகிவிடுகிறது. டயர் உராய்வு, செயின் உராய்வு எல்லாம் மிச்சமிருக்கும் கொஞ்சத்தில் அடங்கிவிடும். வேகம் கூடக்கூட இந்த வரி கடுமையாக ஏறும். 30 கி.மீ. வேகத்திலிருந்து 40க்குப் போக வேண்டுமா? காற்றுக்காகச் செலவிடும் சக்தி ஏறக்குறைய 2.4 மடங்காக வேண்டும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப அது உயர்வதுதான் காரணம். அணி என்ற ஒன்று இந்த விளையாட்டில் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

முதுகுக்குப் பின்னால் ஒரு நிழல்

முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்று அவ்வளவாக அடிக்காது. இதற்கு டிராஃப்டிங் என்று பெயர். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் ப்ளோக்கன் குழு 2018இல் 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்து ஆராய்ந்தது. கூட்டத்தின் நடுவயிற்றிலும் பின்பகுதியிலும் இருப்பவர் சந்திக்கும் காற்றுத்தடை, தனியாகப் போகிறவர் சந்திப்பதில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் என்று தெரிந்தது. கூட்டமே மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் பறந்தாலும், உள்ளே இருப்பவரின் உடம்பு 12 முதல் 15 கி.மீ. வேகத்தில் போகிற உழைப்பைத்தான் உணரும்.

இன்னொன்று. முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவரால் லாபம் உண்டு. முதுகுக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிடச் சுழலைப் பின்னவர் நிரப்பிவிடுவதால், முன்னவரின் காற்றுத்தடை சுமார் 2 சதவீதம் குறைகிறது. சின்ன லாபம்தான். ஆனாலும் நம் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வருகிறாரே என்று எரிச்சல்படும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

மாற்றி மாற்றி

சின்ன அணி முதலில் பழகுவது வேகத்தை அல்ல, முறை வைத்து மாறுவதை. இரண்டு வரிசையாகப் போவார்கள். ஒரு வரிசை சற்று வேகமாக முன்னேறும், மற்றது சற்று மெதுவாகப் பின்வாங்கும். முன்னால் வந்தவர் சில நொடிகள் காற்றை வாங்கிக்கொண்டு பக்கத்து வரிசைக்கு நகர்வார். கயிறு சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். பிரிட்டனில் இந்தப் பயிற்சியை ‘செயின்கேங்’ என்கிறார்கள். சங்கிலியில் பிணைத்த கைதிகளின் கூட்டத்துக்குச் சொல்லும் பெயர்.

புதிதாக வருகிறவர் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான். தன் முறை வந்ததும் ஆர்வத்தில் எகிறி மிதிப்பார். வரிசையே அறுந்துபோகும். முன்னால் வந்தும் அதே வேகத்தில் இருப்பதுதான் வித்தை. பலசாலியாக இருந்தால் வேகத்தைக் கூட்டக் கூடாது, முன்னால் இருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். நல்ல அணித் தலைவர் முதல் ஒரு மாதம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

பக்கவாட்டில் அடித்தால்?

காற்று நேர் எதிரே அடித்தால் பின்னால் ஒளியலாம். பக்கவாட்டில் அடித்தால் நிழல் சாய்வாக விழும். அதனால் கூட்டம் சாலையின் அகலத்துக்குச் சாய்கோடாக விரியும். இந்தச் சாய்கோட்டுக்கு எச்சலன் என்று பெயர். சாலை எவ்வளவு அகலமோ அத்தனை பேருக்குத்தான் அதில் இடம். மிஞ்சியவர்கள் சாலையோரத்தில் ஒற்றை வரிசையாக, நிழலே இல்லாமல் திணறுவார்கள். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் மலை கிடையாது என்று நினைத்துப் போகும் வெளிநாட்டு அமெச்சூர்கள் அங்கே பாதியில் கழன்றுகொள்வது இதனால்தான். அங்கே மலையின் வேலையைக் காற்று செய்துவிடுகிறது.

உரசினால் விழுவது யார்?

உங்கள் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்தை உரசினால், பெரும்பாலும் விழுவது நீங்கள்தான். அவருக்கு ஒரு குலுக்கல், அவ்வளவே. திசையைத் தீர்மானிப்பது முன்சக்கரம் என்பதால் அது தடைபட்ட நொடியே சமநிலை போய்விடுகிறது. விழுகிறவர் அனிச்சையாகக் கையை ஊன்றுவார். அடி தோள் வழியாக ஏறும். சைக்கிள் வீரர்களுக்கு அதிகம் உடையும் எலும்புகளில் காறை எலும்பு முன்னணியில் இருப்பது இதனால்தான். கூட்டத்தில் போகும்போது குழி, கல், எதிரே கார் எல்லாவற்றையும் கையாலும் குரலாலும் பின்னால் கடத்திக்கொண்டே போவது கட்டாயப் பழக்கம். பின்னால் இருப்பவருக்கு முன்னவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது.

நாயும் பாயும் கூடாது

ஊரிலிருந்து ஊருக்கு நடந்த முதல் பெரிய சைக்கிள் பந்தயம் 1869 நவம்பர் 7 அன்று பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்தது. 123 கி.மீ. தூரம். ஜெயித்த ஜேம்ஸ் மூர் பத்தரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். பெடல் நேராக முன்சக்கரத்திலேயே பூட்டியிருந்த வண்டி அது. நாயைக் கட்டி இழுக்கக் கூடாது, பாய்மரம் கட்டக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருந்தார்கள். காற்றை ஏமாற்றும் ஆசை அன்றைக்கே இருந்திருக்கிறது.

விடியற்காலையில், கறுப்பு உடையில், ரகசியமாக

இங்கிலாந்தில் அரை நூற்றாண்டு காலம் சாலைப் பந்தயம் ஏறக்குறைய களவு போல நடந்தது தெரியுமா?

1894இல் லண்டனுக்கு வடக்கே நடந்த ஒரு பந்தயத்தில், வேகமாக வந்த சைக்கிள்களைக் கண்டு ஒரு பெண்ணின் வண்டிக் குதிரை மிரண்டது. போலீஸ் வரை விஷயம் போனது. சாலையில் பந்தயமே வேண்டாம் என்று தேசிய சைக்கிள் சங்கம் ஒதுங்கிக்கொண்டது. அன்று அந்தப் பந்தயத்தில் ஓட்டியவர்களில் ஒருவர் ஃபிரெடரிக் தாமஸ் பிட்லேக். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டால்தானே பந்தயம் மாதிரி தெரியும்? ஒவ்வொருவராக, ஒரு நிமிட இடைவெளியில் அனுப்பு. கடிகாரத்தை வைத்து யார் வேகம் என்று பார். 1895 அக்டோபர் 5 அன்று 50 மைல் தூரத்துக்கு இப்படி ஒரு போட்டி நடந்தது. இன்று உலகமெங்கும் ‘டைம் டிரையல்’ என்று நடப்பதற்கு அது முன்னோடி.

கண்ணில் படாமல் இருக்க வேண்டுமே! கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை. சட்டையில் எண் கிடையாது. ஊர் விழிக்கும் முன் போட்டி முடிந்துவிடும். போட்டியாளர்களுக்கு வரும் தாளில் ‘அந்தரங்கம்’ என்று அச்சிட்டிருக்கும். பந்தயம் நடக்கும் சாலையின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், குறியீடுதான். அந்தக் குறியீட்டு வழக்கம் இன்றும் போகவில்லை. இங்கிலாந்தில் ஹல் நகரத்துக்குப் பக்கத்தில் வேகத்துக்குப் பெயர்போன ஒரு 10 மைல் பாதையை இன்றும் ‘வி718’ என்றுதான் சொல்கிறார்கள். ஒளிய வேண்டிய காரணம் போய்ப் பல தலைமுறை ஆகியும், ஒளிந்த காலத்துப் பெயர் நிலைத்துவிட்டது.

நாற்பது பேர் கிளப்பிய கலகம்

அந்த ஒளிவுமறைவை உடைத்தவர் வுல்வர்ஹாம்டன் நகரத்துக்காரர் பெர்சி ஸ்டாலார்ட். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் ரேஷனால் சாலைகளில் கார்களே இல்லை. இதைவிட நல்ல நேரம் வருமா என்று கேட்டு, எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் பந்தயத்தை 1942 ஜூன் 7 அன்று நடத்தப்போவதாக அறிவித்தார். வேல்ஸிலுள்ள லாங்கொல்லன் ஊரிலிருந்து வுல்வர்ஹாம்டன் வரை 59 மைல். தேசிய சங்கம் அவரைப் பந்தயத்துக்கு முன்பே தள்ளிவைத்தது. அவர் அசரவில்லை. 40 பேர் புறப்பட்டார்கள், 15 பேர் வந்து சேர்ந்தார்கள், ஆல்பர்ட் பிரைஸ் ஜெயித்தார். வசூல் போர்வீரர்களின் நல நிதிக்குப் போனது. சங்கம் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை, போலீசே ஒத்துழைத்தது. தள்ளிவைக்கப்பட்டவர்கள் அதே ஆண்டு தனிச் சங்கம் கண்டார்கள். இரண்டு சங்கங்களுக்கும் பதினேழு ஆண்டுகள் சண்டை. 1959இல்தான் ஒன்றானார்கள்.

பிரிட்டனில் இன்று சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுகிற எந்தச் சின்ன அணியும் அந்த நாற்பது பேருக்குக் கடன்பட்டிருக்கிறது.

பன்னிரண்டு மணி நேரமும் ஒரு மிட்டாயும்

பெரில் பர்ட்டனைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. 1937இல் லீட்ஸில் பிறந்தவர். சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடம்பை வருத்தக் கூடாது என்றார்கள் டாக்டர்கள். கல்யாணம் செய்துகொண்ட சார்லி பர்ட்டன் சைக்கிள் ஓட்டுவார். அவர் மூலம்தான் இவருக்கும் பழக்கமானது. லீட்ஸுக்குப் பக்கத்து மார்லி ஊர் சைக்கிள் கிளப்பில் சேர்ந்தார். சார்லிதான் மெக்கானிக், டிரைவர், சாப்பாடு கொடுப்பவர், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் எல்லாம்.

வேலை? அதே கிளப்பைச் சேர்ந்த நிம் கார்லைனின் ரூபார்ப் தோட்டத்தில் கூலி வேலை. தண்டைச் சமைத்துச் சாப்பிடுகிற ஒரு செடி அது. குளிரில் குனிந்து வெட்டி, பெட்டி பெட்டியாகத் தூக்க வேண்டும். அதுதான் அவருடைய ஜிம். ரேலி கம்பெனி தொழில்முறை ஆட்டக்காரராகச் சேரச் சொல்லி அழைத்தது. மறுத்துவிட்டார். கடைசி வரை அமெச்சூர்.

1967 செப்டம்பரில் யார்க்ஷயரில் ஒரு போட்டி. 12 மணி நேரத்தில் யார் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஆண்கள் எல்லோரும் புறப்பட்ட பிறகு பெண்களை அனுப்பினார்கள். பெரில் ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டே வந்தார். கடைசியில் முன்னால் மிச்சமிருந்தவர் மைக் மெக்னமாரா. அவரும் அன்று ஆண்கள் சாதனையை முறியடிக்கும் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். அவரை எட்டிப்பிடித்த பெரில், தாண்டுவதற்கு முன் ஜெர்சி பையில் கைவிட்டு ஒரு அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டினார். அவர் நன்றி சொல்லி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அன்று பெரில் கடந்தது 277.25 மைல், அதாவது 446 கி.மீ. மெக்னமாரா 276.52 மைல். ஆண்களில் ஒருவர் பெரிலின் தூரத்தைத் தாண்ட 1969 வரை ஆனது. பெண்களில் அதைத் தாண்ட சரியாக 50 ஆண்டுகள், 2017 வரை ஆனது.

பிரிட்டனின் சிறந்த ஆல்ரவுண்டர் பட்டத்தை 1959 முதல் 1983 வரை 25 ஆண்டுகள் ஒரு ஆண்டுகூட விடாமல் வாங்கினார். உலகப் பட்டம் ஏழு முறை. ஒலிம்பிக்கில் மட்டும் அவர் பெயர் இல்லை. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் சைக்கிள் பந்தயம் வைத்ததே 1984இல்தான். அவருடைய நல்ல காலம் முழுக்க அந்தக் கதவு மூடியே இருந்தது. இதை என்னால் இன்றும் ஆற மாட்டாமல்தான் எழுத முடிகிறது.

மகள் டெனிஸும் பந்தய வீராங்கனை. 1976 தேசியப் பந்தயத்தில் கடைசி ஓட்டத்தில் மகள் அம்மாவை முந்திவிட்டார். பரிசு மேடையில் அம்மா கைகுலுக்க மறுத்துவிட்டார். பின்னாளில் அதற்காக வருந்தவும் செய்தார். 1996 மே மாதம், தன் 59வது பிறந்தநாள் அழைப்பிதழ்களைச் சைக்கிளிலேயே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தபோது வழியில் மாரடைத்து இறந்தார்.

மூன்று பை

சைக்கிள் ஜெர்சியின் பை முன்பக்கம் இல்லாமல் முதுகில் இருப்பது ஏன்? குனிந்து ஓட்டும்போது முன்பை தொங்கும், பின்பை தொங்காது. வழக்கமாக மூன்று பை. ஒன்றில் சாப்பாடு, ஒன்றில் டியூப், ஒன்றில் மழைச்சட்டை. பந்தய எண்ணை அதன் மேல் ஊக்கு வைத்துக் குத்தும்போது பையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டு, நடுவழியில் வாழைப்பழத்தை எடுக்க முடியாமல் தவிக்காத புதுமுகம் இல்லை.

பசி அடித்து வீழ்த்தும்

உடம்பு சேமித்துவைக்கும் சர்க்கரை, தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துச் சுமார் அரைக் கிலோதான். கடுமையாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அடிமட்டம் தெரிந்துவிடும். அதன் பிறகு கால் இருக்கும், பலம் இருக்காது. கண் இருளும், கை நடுங்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘சுத்தியல்காரன் வந்துவிட்டான்’ என்பார்கள். அப்படித்தான் இருக்கும், பின்மண்டையில் ஒரே அடி.

நீண்ட பந்தயத்தில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் அனுபவசாலிகள் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுவார்கள். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் குடலில் வெவ்வேறு வாசல் வழியாக ரத்தத்துக்குப் போகின்றன. இரண்டையும் கலந்து எடுத்தால் ஒன்றை மட்டும் எடுப்பதைவிட அதிகம் உள்ளே போகும்.

சக்கரம் போட்டால்தான் சக்கரம்

பெரிய பந்தயங்களில் ஒவ்வொரு அணிக்கும் பின்னால் கார் வரும். அமெச்சூர் பந்தயத்தில் பல அணிகளுக்கும் சேர்த்து ஒரே வண்டி. புறப்படும் முன் உங்கள் உதிரிச் சக்கரங்களை, பெயர் ஒட்டி, அதில் வைக்க வேண்டும். வைத்தவருக்குப் பஞ்சரானால் மாற்றுச் சக்கரம் கிடைக்கும். வைக்காதவர் ஓரமாக நின்று கூட்டம் போவதைப் பார்க்க வேண்டியதுதான். சின்ன அணியின் மேலாளர் சனிக்கிழமை ராத்திரி தூங்குமுன் எண்ணிப்பார்ப்பது வீரர்களை அல்ல, சக்கரங்களை.

ஊருக்குள் குறுகிய வட்டத்தில் சுற்றும் கிரிட்டீரியம் பந்தயத்தில் ஒரு சலுகை உண்டு. பஞ்சரானாலோ விழுந்தாலோ ஒரு சுற்று வெளியே நின்று வண்டியைச் சரிசெய்துகொண்டு அதே கூட்டத்தோடு மறுபடி சேரலாம். கடைசிச் சில சுற்றுகளில் இந்தச் சலுகை கிடையாது.

கணக்குப் புத்தகம்

அணி நடத்துவது என்றால் வேகம் பற்றிய பேச்சு பத்தில் ஒன்றுதான் இருக்கும். மிச்சமெல்லாம் நுழைவுக் கட்டணம், லைசென்ஸ், பெட்ரோல், ஜெர்சிக்கு அளவு எடுப்பது. ஸ்பான்சர் என்று சொல்லிக்கொள்வது பெரும்பாலும் தெருமுனைச் சைக்கிள் கடையாகவோ காபிக் கடையாகவோ இருக்கும். அவர்கள் பணமாகத் தருவது அபூர்வம். டயரில் தள்ளுபடி, செயினுக்குச் சலுகை, பந்தயம் முடிந்து ஆளுக்கொரு காபி. அதற்கு ஈடாக ஜெர்சியின் நெஞ்சில் கடையின் பெயர். பல அணிகள் பல்லாண்டு உயிரோடு இருப்பது இந்தச் சின்ன உடன்பாட்டில்தான்.

பின்னறையில் பதிவு

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஊர்த் திருவிழாவுக்கு ‘கெர்மிஸ்’ என்று பெயர். திருவிழா என்றால் சைக்கிள் பந்தயமும் உண்டு. ஊர் மதுக்கடையின் பின்னறையில் மேசை போட்டுப் பெயர் பதிவார்கள். சில கிலோமீட்டர் வட்டத்தை ஊரைச் சுற்றிப் பல முறை ஓட்ட வேண்டும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கும் பாட்டிமார்களுக்கு யார் ஏய்க்கிறார், யார் உழைக்கிறார் என்று துல்லியமாகத் தெரியும். பந்தயம் படிக்க விரும்பும் அமெச்சூர்கள் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து கோடைக்கு அங்கே போய்த் தங்குவது பல தலைமுறை வழக்கம்.

நால்வருக்கு ஒரு சைக்கிள்

அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1951 முதல் ‘லிட்டில் 500’ என்ற பந்தயம் நடக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவர்களின் உதவித்தொகைக்குப் பணம் திரட்ட ஆரம்பித்தது. அணிக்கு நால்வர், முறைபோட்டு ஓட்ட வேண்டும். கியர் கிடையாது, பின்னோக்கி மிதித்தால் பிரேக். ஆண்களுக்கு 200 சுற்று, அதாவது 50 மைல். 1988இல் தொடங்கிய பெண்கள் பந்தயத்துக்கு 100 சுற்று. ஓடுகிற வண்டியிலிருந்து ஒருவர் குதிக்க, அடுத்தவர் தாவி ஏற வேண்டும். அந்த மாற்றத்தில்தான் பாதிப் பந்தயம் தீர்மானமாகிறது.

1962இல் ஜெயித்த அணியில் டேவ் ப்ளேஸ் என்பவர் 200 சுற்றில் 139 சுற்றைத் தானே ஓட்டினார். அதே அணியில் மாற்று வீரராக இருந்தவர் யுகோஸ்லாவியாவிலிருந்து குடியேறிய ஸ்டீவ் டெசிக். பிற்பாடு அந்த அனுபவத்தை வைத்து ‘பிரேக்கிங் அவே’ என்ற படத்துக்குத் திரைக்கதை எழுதினார். 1979இல் வந்த அந்தப் படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்தான் கதையைக் கொண்டுவந்தார்.

வாஷிங் மெஷின் பேரிங்

ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ தன் சைக்கிளைத் தானே செய்தார். அதில் பொருத்திய பேரிங்குகள் வாஷிங் மெஷினிலிருந்து கழற்றியவை. 1993 ஜூலையில் நார்வேயின் ஹாமர் நகரத்தில், ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் கடக்கும் உலகச் சாதனைக்கு முயன்று தோற்றார். அடுத்த நாள் காலையே மறுபடி வருகிறேன் என்றார். ராத்திரி தசை இறுகிவிடக் கூடாதே என்று நிறையத் தண்ணீர் குடித்துப் படுத்தார். சிறுநீர் கழிக்க எழுந்திருக்கும்போதெல்லாம் காலை நீட்டி மடக்கிக்கொண்டார். மறுநாள் 51.596 கி.மீ. ஒன்பது ஆண்டுகளாக நின்ற இத்தாலியர் மோசரின் சாதனை போனது. ஆறே நாளில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் இவரையும் தாண்டிவிட்டார் என்பது வேறு கதை.

சிவப்பு விளக்கு

பந்தயத்தில் கடைசியாக வருகிறவருக்குப் பிரெஞ்சில் ‘சிவப்பு விளக்கு’ என்று பெயர். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கு. அது தெரிந்தால்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு நிம்மதி.

அணியே இல்லாதவர்

டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் சாலைப் பந்தயம், 2021 ஜூலை 25, 137 கி.மீ. ஆஸ்திரியாவிலிருந்து வந்தது ஒரே ஒருவர், ஆனா கீசன்ஹோஃபர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் கணித ஆராய்ச்சியாளர். தொழில்முறை அணி இல்லை, பயிற்சியாளரும் இல்லை. கொடி அசைந்த உடனே பாய்ந்து சென்றார். கூடப் போன நால்வரும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசி 40 கி.மீ. தூரத்தைத் தனியாகக் காற்றில் ஓட்டினார். நெதர்லாந்து அணியில் நான்கு பேர், நால்வருமே உலகத் தரம். ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ வைக்க அனுமதி இல்லை. முன்னால் இன்னும் ஒருவர் இருப்பது தெரியாமல் ஆனமீக் ஃபான் ஃப்ளூட்டன் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடந்தார். தங்கம் 75 நொடிக்கு முன்பே போயிருந்தது.

பலமான அணி இருந்தும் செய்தி பரிமாறிக்கொள்ளாததால் தோற்ற கதையாகத்தான் இதைப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு சூடு, எவ்வளவு சாப்பாடு என்று தன் பந்தயத்தைத் தானே கணக்குப் போட்டு வந்தவர் ஜெயித்தார்.

டெர்பி வீடு

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். டான் பிக்ஹாம், சார்லி டேன்ஃபீல்ட், ஜேக்கப் டிப்பர், ஜானி வேல். நான்கு அமெச்சூர்கள். பிரிட்டனின் தேசியப் பயிற்சித் திட்டத்தில் இடம் இல்லாதவர்கள். இங்கிலாந்தின் டெர்பி நகரத்தில், சைக்கிள் ஓடுதளம் இருக்கும் ஊர் என்பதால், ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருந்தார்கள். பிக்ஹாம் மோட்டார் பந்தய எஞ்சினியரிங் படித்தவர். மெர்சிடீஸ் ஃபார்முலா ஒன் அணியில் வேலை பழகியவர். காலைப் பெரிதாக்குவதைவிடக் காற்றைக் குறைப்பது மலிவு என்பது அவர் கணக்கு. உடை, ஹெல்மெட், கைவைக்கும் கோணம், ஒருவருக்கொருவர் விடும் இடைவெளி என்று ஒவ்வொன்றையும் அளந்தார்கள்.

அவர்கள் போட்டி ‘டீம் பர்சூட்’. நான்கு பேர், நான்கு கி.மீ., ஒருவர் பின்னால் ஒருவர். 2017 ஜனவரியில் தேசியப் பட்டத்தை ஜெயித்தார்கள். ஓராண்டு கழித்து, 2018 ஜனவரியில் பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரத்தில் நடந்த உலகக் கோப்பையில், அரசாங்கப் பணத்தில் வரும் தேசிய அணிகளுக்கு நடுவே இந்த அணி தங்கம் வாங்கியது. அந்த ஏப்ரலில் டேன்ஃபீல்ட் காமன்வெல்த் போட்டியிலும் தனிநபர் பர்சூட் தங்கத்தை வென்றார்.

2019இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் விதியை மாற்றியது. இனி இந்த உயர்மட்டப் போட்டிகளில் தேசிய அணிகளுக்கு மட்டுமே இடம், தனியார் அணிகளுக்கு இல்லை. பிழையான முடிவு என்றே சொல்வேன். பெரிய திட்டங்கள் சோம்பிப் போகாமல் இருக்க, வெளியிலிருந்து ஒரு சின்ன அணி வந்து இடிக்க வேண்டும். கதவைச் சாத்தினாலும் ஆட்கள் நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில் பிக்ஹாம் சுவிட்சர்லாந்தில் ஒரு மணி நேரத்தில் 55.548 கி.மீ. கடந்து உலகச் சாதனை படைத்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டீம் பர்சூட்டில் வெள்ளி வென்ற பிரிட்டன் அணியில் பிக்ஹாம், டேன்ஃபீல்ட் இருவருமே இருந்தார்கள்.

மூன்றாவது சக்கரம்

டீம் பர்சூட்டில் கடிகாரம் நிற்பது மூன்றாவது ஆள் கோட்டைக் கடக்கும்போது. அதனால் நான்காவது ஆள் தன் முறையில் கடைசிச் சொட்டுப் பலம் வரை காற்றில் செலவிட்டுவிட்டு, பாதியிலேயே மேலே விலகிக்கொள்ளலாம். கோட்டைக் கடக்கும் படத்தில் அவர் இருக்க மாட்டார். பதக்கம் அவருக்கும் அதேதான்.

திருப்பத்தில் நிற்பவர்

சாலையில் நடக்கும் சின்னப் பந்தயத்துக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் கொடியும் விசிலுமாக ஓர் ஆள் வேண்டும். முதலுதவிக்கு ஆள், எண் எழுதிக்கொள்ள ஆள், கடைசியில் ஊக்குகளைத் திரும்ப வாங்கிவைக்க ஆள் வேண்டும். பிரிட்டிஷ் கிளப்களில் ஓர் எழுதாத முறை உண்டு. ஆண்டெல்லாம் அடுத்தவர் நடத்தும் பந்தயங்களில் ஓட்டுகிற கிளப், ஆண்டுக்கு ஒன்றாவது தானே நடத்திக் கொடுக்க வேண்டும். அன்று மட்டும், வழக்கமாக ஓட்டுகிறவர்களும் ஜெர்சிக்குப் பதில் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு மழையில் நிற்பார்கள். பல பந்தயங்கள் ரத்தாவது வீரர்கள் போதாமல் அல்ல, இப்படி நிற்க ஆள் போதாமல்தான்.

உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சைக்கிள் பந்தயம் நடக்கிறது என்று கேள்விப்பட்டால், ஓட்டத் தெரியாவிட்டாலும் முந்தின நாளே போய்க் கேளுங்கள். எந்தத் திருப்பத்தில் ஆள் குறைகிறது என்று சொல்வார்கள்.